ஜப்பானுக்குக் குடும்பத்தோடு: பழைய நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டோக்கியோவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2018இல் ஊர் திரும்பினேன். அடுத்த ஆண்டே ஒரு வாரம் தனியாகப் போனேன். பார்க்க நினைத்த ஐந்து பேரில் ஒருவரைத்தான் பார்க்க முடிந்தது. 2024 மே மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போனபோது ஏழு பேரைப் பார்த்தோம். முதல் முறை டிக்கெட் வாங்கிய பிறகு நண்பர்களிடம் சொன்னேன். இரண்டாம் முறை நண்பர்களிடம் கேட்ட பிறகு டிக்கெட் வாங்கினேன். மாறியது அவ்வளவுதான்.

அதன்பின், ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய வேறு சில குடும்பங்களுக்கும் திட்டம் போட உதவினேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடங்களில்தான். அதனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசைக்கே இங்கே முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: எல்லோருடைய பாஸ்போர்ட், பழைய முகவரிகளும் வாழ்த்து அட்டைகளும் கிடக்கும் அந்தப் பெட்டி, ஐந்து மாத அவகாசம்.

1. ஊர்களுக்கு முன் ஆட்களைப் பட்டியலிடுங்கள் (ஐந்து மாதம் முன்)

ஒரு தாளில் பெயர், கடைசியாகப் பேசிய ஆண்டு, அப்போது இருந்த ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாக எழுதிய அந்த ஊரை நம்பிவிடாதீர்கள். ஜப்பானிய நிறுவனங்களில் ஏப்ரலை ஒட்டி இடமாற்றம் நடக்கும். குடும்பத்தை டோக்கியோவில் விட்டுவிட்டு வேறு நகரில் தனியாகத் தங்கி வேலை செய்பவர்கள் ஏராளம். 2019இல் நான் டோக்கியோவில் இறங்கிய பிறகுதான் என் நெருங்கிய நண்பர் ஃபுகுவோகாவில் இருக்கிறார் என்பது தெரிந்தது. விமானத்தில் போக வேண்டிய தூரம். அவருக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம்.

செய்தி அனுப்ப அங்கே எல்லோரும் பயன்படுத்துவது லைன் செயலி. கைப்பேசியை மாற்றும்போது கணக்கை முறையாக மாற்றாதவர்களின் பழைய கணக்கு தொலைந்துபோகும். தொலைபேசி நிறுவனம் கொடுத்த பழைய மின்னஞ்சல் முகவரிகளும் நிறுவனம் மாறியதும் பெரும்பாலும் செத்துவிடும். அதனால் பதில் வரவில்லை என்பதற்காக, அவர் நம்மை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். வீடு மாறியவர் அஞ்சலகத்தில் பதிவு செய்திருந்தால் ஓராண்டு வரை கடிதங்கள் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படும். முகவரியைப் பழைய புத்தாண்டு அட்டையைப் பார்த்து ஜப்பானிய எழுத்திலேயே வரைந்துவிடுங்கள். நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கடிதம் போய்ப் பதில் வர நாளாகும் என்பதால்தான் ஐந்து மாதம் என்கிறேன்.

2. முதல் செய்தியில் மூன்று விவரங்கள்

"டோக்கியோ வரலாம் என்று இருக்கிறோம், நீங்கள் ஓய்வாக இருப்பீர்களா?" என்று கேட்பது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. தேதி இல்லாத கேள்விக்கு அங்கே பதில் சொல்ல முடியாது. "கண்டிப்பாகச் சந்திப்போம்" என்று அன்பாக எழுதுவார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

எந்தத் தேதிக்குள் வருகிறீர்கள், யார் யார் வருகிறீர்கள், எத்தனை மணி நேரம் சந்திக்க விரும்புகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்று தேதிகளைச் சொல்லி, வசதியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தங்குமிடம் எங்கள் பொறுப்பு என்பதையும் சேர்த்துவிடுங்கள். டோக்கியோவில் வீடுகள் சிறியவை. ஐந்து பேர் தங்க வருகிறார்களோ என்ற கவலை ஒரு வரியில் நீங்கிவிடும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதும்போது, "கோபுசாதா ஷிதே ஓரிமாஸ்" என்று தொடங்குவது அவர்கள் வழக்கம். இத்தனை நாள் தொடர்பில்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் சொல் அது. இந்த ஒரு வரி இருந்தால், மற்றதை எளிய ஆங்கிலத்தில் எழுதினாலும் கடிதத்தின் நிறம் மாறிவிடுகிறது.

பதிலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். "அந்த வாரம் கொஞ்சம்..." என்று இழுத்தாலோ, "கடினமாக இருக்கலாம்" என்று எழுதினாலோ, முடியாது என்று பொருள். வற்புறுத்தாமல் வேறு தேதி கேளுங்கள். நம் ஊரில் வற்புறுத்துவது பாசம். அங்கே அது சங்கடம்.

குடும்பத்தை விசாரிக்கும்போது "எல்லோரும் நலமா" என்று பொதுவாகவே கேளுங்கள். என் பழைய மேலாளரின் மனைவி இறந்துவிட்டதை, நான் எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில்தான் அறிந்தேன். அவர் பெயரைக் குறிப்பிட்டு அவருக்குப் புடவை கொண்டுவருவதாக எழுதியிருந்தேன். இன்றும் அந்த வரியை நினைத்தால் மனம் வலிக்கிறது.

3. தேதி: சனி, ஞாயிறு மனிதர்களுக்கு, வார நாட்கள் ஊர் சுற்ற

வேலைக்குப் போகும் நண்பர்கள் வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு முன் கிடைக்க மாட்டார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. ஆகவே பயணத்தில் இரண்டு வார இறுதிகள் வரும்படி அமையுங்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்து, இரண்டாவது வார இறுதி முடிந்து வரும் திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பினால் நான்கு விடுமுறை நாட்கள் கிடைக்கும். மதியம் ஒரு குடும்பம், மாலை ஒரு குடும்பம் என்று எட்டு வேளைகள். முதல் நாளின் ஒரு வேளையை ஓய்வுக்கு விட்டால் ஏழு.

கோயில்களும் கோபுரங்களும் வார நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நண்பர்களுக்கு நேரமில்லை என்று வருந்துகிறார்கள்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசியைத் தவிருங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே "கோல்டன் வீக்". நாடே பயணத்தில் இருக்கும், அறைகளும் ரயில்களும் நிரம்பிவிடும். அது முடிந்ததும் மே இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரைதான் என் தேர்வு: இதமான வெயில், நண்பர்களும் ஊரில் இருப்பார்கள். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் நாட்கள். எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை குடும்பத்துக்குள் இருக்கும் நேரம். செர்ரி மலரும் மார்ச் கடைசியில் நிதியாண்டு முடிவு, இடமாற்றம், வீடு மாறுவது எல்லாம் ஒன்றாக வரும். மலரைப் பார்க்கலாம், நண்பரைப் பார்ப்பது கடினம்.

4. விசா: சீக்கிரம் போடுவதும் தவறு

ஒருமுறை நுழையும் குறுகிய கால விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஐந்து மாதம் முன்பே ஆர்வத்தில் விண்ணப்பித்தால் பயணத்துக்கு முன்பே காலாவதியாகிவிடும். பயணத்துக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது விண்ணப்பிப்பது சரியாக இருக்கும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு, சுற்றுலாவுக்கான மின் விசா 2024 ஏப்ரலில் வந்தது. ஆவணங்கள் விசா மையத்தின் வழியாகப் போகும், விசா மட்டும் கைப்பேசிக்கு வரும். விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளோ, திரையைப் படமெடுத்ததோ ஏற்கப்படாது. ஆகவே புறப்படும் முன்பே சர்வதேச டேட்டா திட்டத்தைப் போட்டுவிடுங்கள். அம்மாவின் விசாவையும் உங்கள் கைப்பேசியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

நண்பர் வீட்டிலேயே தங்குவதாகவோ, அவர் அழைப்பின்பேரில் போவதாகவோ இருந்தால் ஆவணங்கள் வேறு. அவர் அழைப்புக் கடிதம் தர வேண்டும். தன் குடியிருப்புச் சான்றை வார்டு அலுவலகத்தில் வாங்கி அனுப்ப வேண்டும். செலவையும் அவரே ஏற்பதானால் உத்தரவாதக் கடிதமும் வேண்டும். வேலை நாளில் விடுப்பு எடுத்து அவர் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கும். விடுதியில் தங்கி, சுற்றுலாவுக்குப் போய், நண்பர்களைச் சில மணி நேரம் பார்த்துவருவதே இரு தரப்புக்கும் எளிது.

பயணத் திட்டத் தாளில் ஒவ்வொரு நாளையும் தனி வரியாக எழுதி, அந்த இரவு தங்கும் விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறிப்பிடுங்கள். நண்பரைப் பார்க்கும் நாளில் அதை அப்படியே எழுதுங்கள். மறைக்க எதுவும் இல்லை.

5. விமானமும் அறையும்

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு வழியாகப் போகலாம். விலையை மட்டும் பார்க்காமல் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். நரிதா விமான நிலையம் டோக்கியோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். இரவு பத்தரைக்கு இறங்கும் மலிவான டிக்கெட், டாக்சிக் கட்டணத்தில் மலிவை இழந்துவிடும்.

அறை விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சிக்குகின்றன. அங்கே அறைக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் கணக்கு உண்டு. இரண்டு பேர் அறையில் ஐந்து பேர் சமாளித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. முன்பதிவிலேயே பிள்ளைகளின் வயதோடு எல்லோரையும் குறிப்பிடுங்கள். தரையில் மெத்தை விரித்துத் தூங்கும் ஜப்பானிய அறையில் ஐந்து பேர் தங்கலாம். ஆனால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அது ஒத்துவராது. எங்களுக்குச் சிறிய சமையலறை உள்ள அடுக்ககம் சரியாக இருந்தது.

எந்தப் பகுதியில் தங்குவது? சுற்றுலாத் தலத்துக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். பட்டியலில் உள்ள நண்பர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு நடுவில் ஓடும் ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பழைய வீடு எடோகாவா வார்டில், தோஸாய் பாதையிலுள்ள நிஷி-காசாயில் இருந்தது. அதே பாதையில் அறை எடுத்தோம். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் பருப்பும் மசாலாவும் நடந்துபோய் வாங்க முடிந்தது.

6. ரயில், பணம்

ஜப்பான் ரயில் பாஸ் எப்போதும் லாபம் என்ற பழைய அறிவுரை இப்போது பொருந்தாது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ-கியோத்தோ புல்லட் ரயிலில் போக சுமார் 14,000, வர 14,000. அந்த ஒரு பயணம் மட்டும் என்றால் தனி டிக்கெட்டே மலிவு.

நகருக்குள், பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை போதும். 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் பிள்ளைகளுக்கான அட்டையை நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். எந்திரத்தில் அவசரமாகப் பெரியவர் அட்டை வாங்கிவிட்டு, பயணம் முழுக்க முழுக் கட்டணம் செலுத்திய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

டோக்கியோவிலிருந்து கியோத்தோ பக்கம் போகும் தோக்காய்தோ புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டிக்கு, அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, பெட்டிகளைக் கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவது நல்லது. விடுதி வரவேற்பிலேயே கொடுத்துவிடலாம், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும்.

கொஞ்சம் ரொக்கம் வேண்டும். செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். உங்கள் வங்கியில் சர்வதேசப் பயன்பாட்டை இயக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

7. பெட்டிக்குள் என்ன

பரிசு விலை உயர்ந்ததாக இருக்கக் கூடாது. பெற்ற பரிசுக்கு ஈடு செய்வது அவர்கள் மரபு. பெரிய பரிசு பெரிய கடனாகிவிடும். சிறியதாக, தனித்தனியாக உறையிட்டதாக, காலாவதித் தேதி அச்சிட்டதாக இருக்கட்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய், நீலகிரித் தேயிலை, பருத்தித் துண்டு ஆகியவை நன்றாகப் போயின. நெய் கசியும் இனிப்புகள் அவர்கள் நாவுக்குத் திகட்டும். கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். எதையும் நான்கு எண்ணிக்கையில் கொடுக்காதீர்கள். நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் அவர்களுக்கு ஒரே ஒலி.

இறைச்சிப் பொருள் எதுவும் வேண்டாம். மாம்பழம், கறிவேப்பிலை போன்ற பச்சையானவையும் வேண்டாம், தாவரச் சான்றில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

மருந்துச் சீட்டில் எழுதிய மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம். சீட்டை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை.

விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடியேற்ற, சுங்கப் படிவங்களை வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு விமான நிலையத்தில் கைரேகை எடுப்பார்கள். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவைத்தால் அங்கே பதற்றம் இருக்காது.

8. சைவம் சாப்பிடுபவர் உடன் வந்தால்

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் செய்யப்படுவது. கண்ணுக்கு மீன் தெரியாது. அதனால் இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் உணவகம் பதிவு செய்வதற்கு முன்பே அவருக்கும் அனுப்புங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர் குன்றிப்போவார்.

அன்றாடத்துக்கு என் அம்மாவைக் காப்பாற்றியது தயிர்சாதம். பல்பொருள் கடைகளில் வெந்த சோறு 200 கிராம் டப்பாவில் கிடைக்கும். ஓரத்தைச் சிறிது கிழித்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சோறு குழைவாக இருக்கும். கொஞ்சம் வெந்நீர் தெளித்துக் கரண்டியால் மசித்து, ஆறியதும் சர்க்கரை சேர்க்காத தயிரை ஊற்ற வேண்டும். தயிர் டப்பாவில் "பிளெயின்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய் பதினொரு நாளும் வந்தது.

9. சந்திக்கும் நாள்

சந்திக்கும் இடத்தை நிலையத்தின் பெயரால் மட்டும் சொல்லாதீர்கள். ஷின்ஜுகு போன்ற நிலையங்களில் வெளிவாசல்கள் எண்ணற்றவை. எந்த டிக்கெட் வாயில், அதற்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்மானியுங்கள். பெரியவர்கள் இருந்தால் மின்தூக்கி உள்ள வாசலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவகம் என்றால் ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். வீடு என்றால் சொன்ன நேரத்துக்கோ, ஓரிரு நிமிடம் கழித்தோ மணியை அழுத்துங்கள். முன்கூட்டிப் போனால் அவர்கள் இன்னும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, வெளியே பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பரிசை வாசலில் நீட்டாமல், உள்ளே உட்கார்ந்த பிறகு பையிலிருந்து எடுத்து இரண்டு கைகளாலும் கொடுங்கள். அவர்கள் உடனே பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று பொருளல்ல.

தரையில் உட்கார முடியாதவர் இருந்தால் முதல் நாளே நாற்காலி கேளுங்கள்.

துக்கம் நடந்த வீடானால், பூஜைப்பெட்டி போன்ற புத்சுதான் முன் ஊதுபத்தி ஏற்ற அனுமதி கேளுங்கள். மேலாளர் வீட்டில் நாங்கள் முதலில் செய்தது அதுதான். படத்துக்கு முன் இனிப்புப் பெட்டியை வைத்து அம்மா கைகூப்பி நின்றபோது, அவர் ஒன்றும் பேசாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மொழி தெரியாத பெரியவர்களை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பேச்சுக்குப் பதில் கைக்கு வேலை கொடுங்கள். நிஷி-காசாயில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மூதாட்டிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். அவர் சமையலறையில் ஒரு கூடைப் பச்சை சோயா அவரையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் கிள்ள ஆரம்பித்தார். இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே போனார்கள். அவரை வெந்து உப்போடு மேசைக்கு வந்தபோது, கூடவே வந்தது ஒரு எவர்சில்வர் தம்ளர். என் மகள் பிறந்தபோது அம்மா அவருக்குக் கொடுத்தது. அடியில் எங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் இரண்டு மணி நேரத்துக்குத் திட்டமிட்டு நான்கு மணி நேரம் இருந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு சந்திப்புக்கு மேல் வைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

உணவகத்தில் பில்லுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பங்கிட்டுக்கொள்வது அங்கே இயல்பு. மூத்தவர் தானே தருவேன் என்றால் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டு, அடுத்த இடத்தில் காபிக்கு நீங்கள் கொடுங்கள்.

10. திரும்பி வந்த பிறகு

நன்றிச் செய்தி அன்று இரவே போக வேண்டும், தவறினால் மறுநாள் காலை. படங்களை அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பொதுவில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் படங்களுக்கு. மூத்தவர்களுக்குப் படத்தை அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால் அது அவர்கள் வீட்டுச் சுவரில் இடம்பிடிக்கும்.

புதிய முகவரிகளை உடனே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் புத்தாண்டு அட்டை அனுப்ப அது வேண்டும். அந்த ஆண்டில் துக்கம் நடந்த வீடுகளிலிருந்து, புத்தாண்டு வாழ்த்து வேண்டாம் என்று முன்கூட்டியே ஓர் அட்டை வரும். அவர்களுக்கு மட்டும் ஜனவரி 7 கழித்துக் குளிர்கால நலம் விசாரிக்கும் அட்டையாக அனுப்புங்கள்.